மோர் கடையும் முள்ளம்பன்றி

முருங்கை மரத்தடியில் ஒரு குழி விழுந்திருந்தது. வெறும் குழியாக இருந்தால் அனுசுயா அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். உடையார்பாளையத்துக்குக் கிழக்கே, முந்திரிக்காட்டை ஒட்டிய ஊரில் கொல்லை என்று ஒன்று இருந்தால் அதை ஏதாவது ஒன்று தோண்டிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அந்த இடத்தில் என்ன புதைந்திருந்தது என்று அவளுக்குத் தெரியும். போன வாரம் அவளே தன் கையால் புதைத்தது. இப்போது அதில் பாதியைக் காணோம். மீதியில் ஒரு விலா எலும்பு மண்ணுக்கு மேலே வெட்கமில்லாமல் கிடந்தது.

குனிந்து எடுக்கப் போனாள்.

“ஏம்மா அனுசுயா, என்னது அது, குழி?”

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், வாயில் பிரஷ்ஷோடு வைத்திலிங்கம் நின்றார். அனுசுயா சட்டென்று நிமிர்ந்தாள். நிமிர்ந்த வேகத்தில் வலது காலைத் தூக்கி எலும்பின் மேல் வைத்துக்கொண்டாள்.

“தெரியலயே மாமா. இப்பத்தான் பாக்குறேன்.”

“நவுராத. அப்படியே நில்லு. வாய் கொப்புளிச்சுட்டு வரேன்.”

நகர்வதாக அவளுக்கும் உத்தேசம் இல்லை.

வைத்திலிங்கம் அவள் கணவன் பரணிதரனுக்குப் பெரியப்பா மகன்; பங்காளிகளில் மூத்தவர். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த பஸ் எப்போது கிளம்ப வேண்டும் என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டதால், ஊரில் யார் எப்போது என்ன செய்ய வேண்டும் என்பதையும் அவரே சொல்லிவிடுவார். போதாததற்குக் குழி சாஸ்திரம் வேறு. ஒரு காலத்தில் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு பொந்தைப் பார்த்து “உடும்பு” என்றார். அது உடும்பாகவே இருந்து தொலைத்தது. அன்றிலிருந்து யார் வீட்டில் பொந்து விழுந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டாலும் வருவார்.

ஆனால் அனுசுயா பயந்தது அவருடைய குழி சாஸ்திரத்துக்கு அல்ல. முனியப்பரின் கரண்டி அவர் கையில் இருந்தது, அதற்குத்தான்.

வருடம் ஒருமுறை, ஆடியில், முந்திரிக்காட்டு முனியப்பருக்குப் படையல் போடுவார்கள். ஒரே ஒரு கருங்கிடாய். ஆண்களே வெட்டி, ஆண்களே அரைத்து, ஆண்களே சமைத்து, அங்கேயே தின்றுவிட வேண்டும். ஒரு துண்டு கறி காட்டைத் தாண்டக் கூடாது. பெண்கள் கண்ணில் பட்டாலே முனியப்பர் கோபித்துக்கொள்வாராம். எலும்பையெல்லாம் அங்கேயே புதைத்துவிட்டு, ஏரியில் முழுகி, விரலில் வாசனைகூட இல்லாமல்தான் வீடு திரும்ப வேண்டும். சமையலுக்குக் கரண்டி பிடிக்கிறவருக்குக் கிடாயின் தலை. அதைத் தின்று முடித்துத் தாடை எலும்பை முனியப்பரின் காலடியில் அவரே புதைக்க வேண்டும். இதில் எதை மீறினாலும் அந்த வீட்டுக்கு அதற்கப்புறம் படையலில் இடம் கிடையாது. பங்காளி என்ற பேச்சும் கிடையாது. நல்லது கெட்டதுக்கு யாரும் வாசல்படி ஏற மாட்டார்கள்.

சரி, தின்றுவிட்டு வந்து சும்மா இருந்தார்களா என்றால் அதுதான் இல்லை. வீட்டில் வெந்நீர் போடத் தெரியாத மகாராஜாக்கள் எல்லாம் மறுவருடப் படையல் வரைக்கும் அந்தக் கறியின் பெருமையைப் பேசியே தீர்ப்பார்கள். அனுசுயா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறாள். அம்மி இருந்த காலத்தில் அம்மியிலும், மிக்சி வந்த பிறகு மிக்சியிலும் அரைத்து, அவள் விதவிதமாகக் கறிக்குழம்பு வைத்தாள். பரணிதரன் தட்டை வழித்துத் தின்பான். தின்று முடித்துக் கை கழுவும்போது சொல்வான்: “நல்லாத்தான் இருக்கு. இருந்தாலும் முனியப்பர் கறி மாதிரி வராது.”

அந்த வார்த்தை அவளுக்குள் வருடக்கணக்காக எரிந்துகொண்டிருந்தது.

இந்த வருடம் படையலுக்கு முன்பு கூடிய பங்காளிகள் கூட்டத்தில் வைத்திலிங்கம் தன் மூட்டுவலியைக் காரணம் காட்டி, “அடுத்த வருசத்துலேருந்து பரணி கரண்டி புடிக்கட்டும்” என்று சொல்லிவிட்டார். பரணிதரன் வீட்டுக்கு வந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவனுடைய அப்பா அந்தக் கரண்டி தன் கைக்கு வரும் வரும் என்று காத்திருந்தே கண்ணை மூடியவர். அனுசுயாவுக்கும் கண் கலங்கியது. ஆனால் அவள் கண் கலங்கும்போதும் யோசிக்கிறவள்.

“ஏங்க, உங்களுக்குக் கசகசா எது, கடுகு எதுன்னு தெரியுமா?”

“அண்ணன் சொல்லித் தருவாரு.”

“மூட்டுவலிக்காரரு உங்க பக்கத்துலயே ஒக்காந்துருப்பாரா? கறி தீஞ்சுபோனா அத்தனை பேரும் உங்கப்பா பேரச் சொல்லித்தான் சிரிப்பாங்க. நான் சொல்லித் தரேன். ஆனா ருசி தெரியாம என்னத்தச் சொல்லித் தர? கொஞ்சூண்டு கொண்டாங்க.”

பரணிதரன் பதறிப்போய்ச் சுற்றிலும் பார்த்தான். “முனியப்பர் கண்ணக் குத்திடுவாருடி!”

“எனக்குத்தானே குத்துவாரு? குத்தட்டும். நான் பேசிக்கிறேன்.”

படையல் அன்று, ஜென்மத்தில் ஹெல்மெட் போடாத பரணிதரன் கக்கத்தில் ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு காட்டுக்குப் போனான். வைத்திலிங்கம் அதைப் பார்த்துவிட்டு, “பாத்துக்குங்கடா, பொறுப்பு வந்ததும் எப்படி மாறிட்டான்னு” என்று எல்லார் முன்னாலும் மெச்சினாராம். திரும்பி வரும்போது அந்த ஹெல்மெட்டுக்குள் வாழையிலையில் சுற்றிய பொட்டலம் இருந்தது.

அனுசுயா அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு துண்டை வாயில் போட்டாள். மென்றாள். இன்னொன்றைப் போட்டாள். உப்பு தூக்கல். கொத்தமல்லியை வறுக்காமலேயே அரைத்திருக்கிறார்கள். இஞ்சி திப்பி திப்பியாகப் பல்லில் மாட்டியது. இதற்கா இத்தனை வருடம் நம்மைக் குத்திக்காட்டினார்கள் என்று முதலில் ஆத்திரமாக வந்தது. அப்புறம் அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மிச்சம் வைக்காமல் தின்றும் முடித்தாள்.

எலும்பு மிஞ்சியது. படையலுக்காக ஒரு வாரம் விரதம். படையலுக்கு மறுநாளே மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு. காப்பு அவிழ்க்கிற வரைக்கும் தெருவில் எந்த வீட்டிலும் கறி மீன் ஏறாது. அந்த நாட்களில் ஒரு வீட்டில் ஆட்டெலும்பு இருந்தால் அது ஒரே இடத்திலிருந்துதான் வந்திருக்க முடியும். குப்பை வண்டியிலும் போட முடியாது. நடுத்தெருவில் நிறுத்தி மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று கொட்டிப் பிரிப்பார்கள். அதனால்தான் முருங்கை மரத்தடி. பரணிதரனிடம் ஏரியில் வீசிவிட்டதாகச் சொன்னாள். அவன் முகம் ஒன்றையும் மறைக்கத் தெரியாத முகம்.

இத்தனையும் இப்போது அவள் வலது பாதத்துக்குக் கீழே இருந்தது.

வைத்திலிங்கம் வேலிப்படலைத் திறந்துகொண்டு வந்து குழி ஓரமாக முக்கி முனகி உட்கார்ந்தார். ஜாணால் அளந்தார். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து முகர்ந்தார். “பெருச்சாளின்னா மண்ணைக் குவிச்சு வெச்சிருக்கும். காட்டுப்பன்னின்னா கொல்லையவே உழுதுட்டுப் போயிருக்கும். உடும்புன்னா வாசல் இப்படி வளைஞ்சு இருக்கும். இது எதுவும் இல்ல.”

“அப்ப எது மாமா?”

அவர் பின்பக்கமாக வாரி இறைக்கப்பட்டிருந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நாய் என்று ஏன் இந்த மனிதர் சொல்லவில்லை என்று அனுசுயாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் அதை எடுத்துக் கொடுக்க அவளுக்கென்ன பைத்தியமா? எலும்பின் கூர்முனை உள்ளங்காலைக் குத்தியது. காலை மாற்றாமல் நின்றாள்.

அதற்குள் வைத்திலிங்கத்தின் மனைவி ஜெகதாம்பாள் ஒரு கீரைக்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அனுசுயாவுக்கு மூத்த ஓரகத்தி. அதிகம் பேச மாட்டாள். ஆனால் எதையும் பார்க்காமல் விட மாட்டாள். குழியைப் பார்த்தாள். அனுசுயாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அவள் காலைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள். “தள்ளுடி, முருங்கக்கீரை பறிச்சுக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டே கூடையைச் சரியாக அந்தக் கால் மேல் கவிழ்த்தாற்போல வைத்தாள். அனுசுயா எலும்பைக் கூடைக்கடியில் மண்ணுக்குள் அழுத்திவிட்டு மெதுவாகக் காலை உருவிக்கொண்டாள். அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டாள்.

“அண்ணே! சாம்பல் போட்டுப் பாத்துடலாம்ல?”

எதிர்வீட்டுக் கலைச்செல்வன் சந்து வழியாக வந்துவிட்டான். பங்காளிகளில் இளையவன், ஆலத்தியூரில் சிமெண்ட் கம்பெனி வேலை, தை மாதம்தான் கல்யாணம் ஆனவன். ஊரில் எது நடந்தாலும் போனில் படம் பிடித்துப் பங்காளிகள் குரூப்பில் போடாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

“அதெல்லாம் எதுக்குடா இந்தச் சின்னக் குழிக்கு” என்றார் வைத்திலிங்கம்.

“என்னண்ணே, நீங்களே இப்படிச் சொல்றீங்க? சலிச்ச சாம்பல் பொய் சொல்லாதுன்னு நீங்கதான சொல்வீங்க?”

அவரால் மறுக்க முடியவில்லை. கலைச்செல்வனே வெந்நீர் அடுப்புச் சாம்பலை வாரி வந்து, சல்லடையில் சலித்து, குழியைச் சுற்றிப் பாய் விரித்த மாதிரி பரப்பினான். இரவில் எது வந்தாலும் காலடி விழும். காலையில் வந்து பார்த்துச் சொல்லிவிடலாம் என்பது ஏற்பாடு.

எல்லாரும் போன பிறகு அனுசுயா சாம்பலைக் கலைக்காமல் எட்டிக் குனிந்து, மிச்ச எலும்புகளைக் கைக்கு எட்டியவரை பொறுக்கி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்தாள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டோமா என்பது அவளுக்கே நிச்சயமில்லை. நல்லி எலும்பை ஏற்கனவே எதுவோ கொண்டுபோயிருந்தது. அது இப்போது எந்தத் தெருவில் யார் வாசலில் கிடக்கிறதோ.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் ஓடிப்போய்ப் பார்த்தாள். சாம்பலில் தடம் அச்சு அடித்தாற்போல விழுந்திருந்தது. நாய்க்கால். மூன்று கால் அழுத்தமாகவும், நாலாவது காலுக்குப் பதில் இழுத்த கோடும். அந்தக் கோட்டைத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். மொபெட்டில் அடிபட்டுப் பின்னங்காலை இழுத்து நடக்கும் அந்த நாய் வைத்திலிங்கத்துடையது. தெருமுனையைத் தாண்டிப் போகாத சோம்பேறி. பெயர் மட்டும் சிங்கம்.

நாய் என்று தெரிந்தால் அடுத்த கேள்வி, எதற்காகத் தோண்டியது என்பதுதான். அந்தக் கேள்வி வந்தால் பரணிதரனின் முகமே பதில் சொல்லிவிடும். அவனுடைய கரண்டி போய்விடும். செத்துப்போன மாமனாரின் ஆசையும் சேர்ந்து போய்விடும். அதுவும் அவள் நாக்கு கேட்டதற்காக.

சாம்பலைக் கையால் தடவிச் சமன் செய்தாள். வெறும் சாம்பல் இருந்தால் கலைச்செல்வன் இன்றைக்கும் சலிக்க வருவான். ஏதாவது ஒரு தடம் வேண்டும். நாயுடையதாக மட்டும் இருக்கக் கூடாது. உள்ளே ஓடினாள். அடுப்படி ஆணியில் மோர் கடையும் மத்து தொங்கிக்கொண்டிருந்தது.

அதைக் கொண்டுவந்து சாம்பலில் நாலு தரம் அழுத்தினாள். நல்ல பூப் போன்ற தடம், சுற்றிலும் தடித்த விரல்கள். கொஞ்சம் தள்ளி இன்னும் நாலு. திடீரென்று உற்சாகம் பிறந்துவிட, அந்த மிருகத்தை முருங்கை மரம் வரை நடக்கவிட்டு, வேலிவரை திருப்பி அனுப்பிவைத்தாள். மத்தைக் கழுவி மாட்டிவிட்டுக் கோலம் போடப் போய்விட்டாள்.

காலையில் கொல்லை நிறைந்தது. வைத்திலிங்கம், ஜெகதாம்பாள், போனை நீட்டிப் பிடித்த கலைச்செல்வன், அவனுக்குப் பின்னால் அவன் மனைவி பூவிழி, இன்னும் இரண்டு மூன்று பங்காளி வீட்டுப் பெண்கள்.

“அண்ணே, ஒவ்வொரு காலுக்கும் எட்டு விரல் இருக்கு!” என்றான் கலைச்செல்வன். “அரியலூர் மியூசியத்துல டைனோசர் முட்டை வெச்சிருக்காங்கல்ல, அதுல ஒண்ணு பொரிச்சிடுச்சா?”

வைத்திலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் முகத்தில் படர்ந்த நிம்மதியைப் பார்த்து அனுசுயாவே குழம்பிப்போனாள். வாழ்நாளில் அப்படியொரு தடத்தைப் பார்த்திராத மனிதர், சொந்தக்காரரைக் கண்டாற்போல மலர்ந்து நிமிர்ந்தார்.

“முள்ளம்பன்னி.”

“எட்டு விரலா அண்ணே?”

“விரல் இல்லடா அது. ஒக்காரும்போது முள்ளு ஊனும். முள்ளு ஊனின தடம். நான் பாக்காத முள்ளம்பன்னியா?”

பெண்கள் பக்கத்தில் ஒரு செருமல் கேட்டது. பூவிழி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். ஜெகதாம்பாள் அனுசுயாவின் காதருகே வந்து, உதடு அசையாமல் கேட்டாள்: “இந்த முள்ளம்பன்னி மோர் நல்லாக் கடையுமாடி?”

ஆயுசில் ஒரு தடவைகூட மத்தைத் தொட்டிராத ஆண்களை ஏமாற்றலாம். தினமும் கடைகிறவளை எப்படி ஏமாற்றுவது? அதை அனுசுயா யோசிக்கவே இல்லை. ஜெகதாம்பாளின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் டீக்கடையிலிருந்து பரணிதரன் வந்தான். நேற்று முழுக்க ஜெயங்கொண்டத்தில் வேலையாக இருந்துவிட்டு ராத்திரி வந்து படுத்தவன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. குழியைப் பார்த்தான். வெள்ளந்தியாகச் சொன்னான்.

“நாய் தோண்டின மாதிரில்ல இருக்கு?”

“நாய் எதுக்குடா தோண்டப்போவுது?” வைத்திலிங்கம் கத்தினார். பஸ் ஸ்டாண்டு மைக்கில்கூட அவர் அப்படிக் கத்தியதில்லை. “இங்க என்ன இருக்கு நாய் தோண்ட? வாய்க்கு வந்ததச் சொல்றியா?”

பரணிதரன் அனுசுயாவைப் பார்த்தான். அனுசுயா மரத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், அவனுக்குப் புரிந்துவிட்டது. நெற்றியில் வேர்வை அரும்பி, மூக்கு வழியாகச் சொட்டியது.

கலைச்செல்வன் கண்ணுக்கு எதுவும் தப்பாது. “அதானே, நாய்னா எலும்புக்குத்தான் தோண்டும். காப்புக் கட்டுன தெருவுல எலும்பு ஏது?” என்று சிரித்தவன், சிரிப்பை நிறுத்தினான். “பரணி அண்ணே, ஒங்களுக்கு ஏன் இப்படி வேக்குது?”

கலைச்செல்வன் மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்தான். “இன்னும் ஒரு முழம் தோண்டிப் பாத்துட்டா என்னன்னு தெரிஞ்சிடும்.”

மண்ணுக்குள் ஒரு துண்டு மிஞ்சியிருந்தாலும் போதும். தன் ஆயுள் முழுக்கப் பரணிதரன் இந்தத் தெருவில் தலை குனிந்து நடப்பான். அவன் ஒரு வார்த்தைகூட தன்னைத் திட்ட மாட்டான் என்பதை நினைத்தபோதுதான் அனுசுயாவுக்கு அழுகை வந்தது. மண்வெட்டி ஓங்கியது.

வேலிப்படல் கீச்சென்றது. வைத்திலிங்கத்தின் கொல்லைப் பக்கமிருந்து சிங்கம் காலை இழுத்து இழுத்து வந்தது. மூக்கெல்லாம் கருகருவென்று ஈரச் சேறு. அனுசுயாவின் கொல்லை காய்ந்த செம்மண். அந்தச் சேறு குளியல்தண்ணி பாயும் வைத்திலிங்கத்தின் வாழையடியில் மட்டும்தான் உண்டு. வாயில் எதையோ கவ்வியிருந்தது. கூட்டத்தைக் கண்டதும் சந்தோஷமாக நடுவில் வந்து, கவ்வியதைக் கீழே போட்டு, வாலை ஆட்டியது.

பல் வரிசையோடு ஒரு கிடாத் தாடை.

வருடத்துக்கு ஒரு கிடாய். ஒரு கிடாய்க்கு ஒரு தலை. அது யாருடைய பங்கு என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். கலைச்செல்வன் மண்வெட்டியை மெல்லக் கீழே வைத்தான்.

எந்த பஸ் எப்போது கிளம்ப வேண்டும் என்று சொல்லியே வாழ்ந்த மனிதர், இப்போது எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றார். அனுசுயாவுக்கு முதலில் வந்தது அப்பட்டமான சந்தோஷம். மாட்டிக்கொண்டார்! காலமெல்லாம் சட்டம் பேசியவர் மாட்டிக்கொண்டார்! ஒரு வார்த்தை சொன்னால் போதும், தன் வீட்டுக் குழியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வாயைக்கூடத் திறந்துவிட்டாள். அப்போது ஜெகதாம்பாள் கண்ணில் பட்டாள். அவள் தலைகுனியவில்லை. நேராக அனுசுயாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று கால் மேல் வந்து உட்கார்ந்த கீரைக்கூடை அனுசுயாவுக்கு ஞாபகம் வந்தது. அது அதிர்ஷ்டம் இல்லை.

“மாமா சொன்னது சரியாப் போச்சு பாத்தீங்களா!” என்றாள் அனுசுயா உரக்க. “முள்ளம்பன்னிதான். அதுக்குப் பல்லு வளந்துக்கிட்டே இருக்குமாம்ல, எலும்பத் தேடிப்போயி இழுத்தாந்து கடிக்குமாம். மாமாதான் ஒருதரம் சொன்னாரு. முனியப்பர் காலடியில மாமா பொதைச்சதத் தோண்டி இழுத்தாந்துருக்கு. இல்ல மாமா?”

வைத்திலிங்கம் அவளைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். “ஆமா. ஆமாமா! சொல்லியிருக்கேன். இழுத்தாரும். அதுக்கு அதான் வேல.”

“முள்ளம்பன்னி இழுத்தாந்தது சிங்கம் வாய்க்கு எப்படிண்ணே வந்துச்சு?” என்றான் கலைச்செல்வன்.

“அதுகிட்டேருந்து இது புடுங்கியிருக்கும்” என்றாள் பூவிழி, முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு. “கம்பெனி பஸ் போயிடப்போவுது. நீங்க வந்து சட்டையப் போடுங்க.” அவன் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். போகிற போக்கில் சாம்பல் மேல் ஒரு நடை நடந்து, மத்துத் தடங்களைத் துடைத்தாற்போல அழித்துவிட்டுத்தான் போனாள்.

வைத்திலிங்கம் தாடையைத் துண்டில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். காட்டுக்குப் போய் முறைப்படி புதைத்துவிட்டு வருவதாகச் சொன்னார். படலருகே நின்று, திரும்பாமலே, “பரணி, அடுத்த வருசம் கரண்டி ஒனக்குத்தான். நல்லாப் பண்ணு” என்றார். பரணிதரன் தலையை மட்டும் ஆட்டினான். அவன் வேர்வை இன்னும் அடங்கவில்லை.

கொல்லையில் ஓரகத்திகள் இருவரும் மிஞ்சினார்கள். ஜெகதாம்பாள் நிதானமாக முருங்கைக் கொத்து ஒன்றை வளைத்துக் கீரை உருவினாள்.

“ஏண்டி, இந்த வருசம் உப்பு தூக்கலா இல்ல?”

அனுசுயா ஒரு நொடி திகைத்தாள். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள். “கொத்தமல்லிய வறுக்கவே இல்லக்கா.”

“வருசாவருசம் சொல்றேன், மனுசன் கேட்டாத்தானே. கொண்டாந்து குடுத்துட்டு, எப்படி இருக்கு எப்படி இருக்குன்னு என் வாயவே பாப்பாரு. பாவம், நல்லாருக்குன்னு சொல்லிடுவேன்.” கீரையை மடியில் கட்டிக்கொண்டாள். “நீ ஒம் புருசனுக்காவது ஒழுங்காச் சொல்லிக் குடு. அப்புறம், இப்படி ஒரு ஜாணுக்குப் பொதைச்சா நாய் தோண்டாம என்ன பண்ணும்? ஆழமாத் தோண்டு. நானும் அதத்தான் செய்யணும்.”

அந்த வருடம் முழுக்க அனுசுயாவின் அடுப்படியில் பரணிதரன் கறி கிண்டிப் பழகினான். இரண்டு பாத்திரம் அடிப்பிடித்தது. ஒரு தடவை புருவம் பொசுங்கியது. கசகசாவுக்கும் கடுகுக்கும் வித்தியாசம் பிடிபட்டது. அவன் கரண்டி பிடித்த முதல் ஆடியில் முனியப்பர் படையலுக்குப் போன பங்காளிகள் ஒருவர் பாக்கியில்லாமல் ஹெல்மெட்டோடு போனார்கள். கலைச்செல்வன் கம்பெனி ஹெல்மெட்டையே கொண்டுபோயிருந்தான். எங்கே போனாலும் பஸ்ஸிலேயே போகிற வைத்திலிங்கத்தின் கக்கத்திலும் புதிதாக ஒன்று இருந்தது. ஏன் எதற்கு என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் தெருவில் எல்லா வீட்டு அடுப்படிக் கதவும் சாத்தியிருந்தது. அனுசுயா இலையைப் பிரித்து ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். பரணிதரன் எதிரே குந்திக்கொண்டு அவள் வாயையே பார்த்தான்.

உப்பு சரியாக இருந்தது.